கம்மிரிஸ் நோனாவின் பெருவிரல்

கண்டிக்குப் பக்கத்துக் கலகெதரையில் மிளகு விற்கப் போகிறவர்கள் இராஜேஸ்வரியின் கடைப் படியை மிதிப்பதற்கு முன் ஒரு தடவை யோசிப்பார்கள். மேலே நல்ல மிளகைப் பரப்பி, அடியில் சப்பை மிளகைத் திணித்துக்கொண்டு போனால் அங்கே மானம் போய்விடும். சாக்கை அவிழ்த்ததும் முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவாள். அதில் நாலைந்து மணியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து உருட்டிக்கொண்டே, கொண்டுவந்தவரின் பிள்ளைகுட்டிகளைப் பற்றி விசாரிப்பாள். மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்றா என்று கேட்டு முடிப்பதற்குள், மிளகு காய்ந்தது போதுமா, மழையில் நனைந்து மறுபடி காயவைத்ததா, பப்பாசி விதை கலந்திருக்கிறதா என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். சிங்களத்தில் மிளகைக் கம்மிரிஸ் என்றும் சீமாட்டியை நோனா என்றும் சொல்வார்கள். சுற்றுவட்டத்துத் தோட்டக்காரர்கள் அவளுக்குக் கம்மிரிஸ் நோனா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்கிற தோரணையே தனி.

அவள் கண்டி டவுனில் பிறந்து வளர்ந்தவள். கணவர் ஸ்ரீதரன் மாநகர சபைக் கந்தோரில் கிளாக்கர். கலகெதரைக் கடை அவருடைய அப்பாவுடையது. மாமனார் படுத்த படுக்கையானபோது, கடையை யார் பார்ப்பது என்று வீட்டு ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒரு மாசத்துக்கு நான் போய் ஒக்காந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் காலை பஸ்ஸில் ஏறியவள்தான். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை. பொம்பளை வியாபாரியை ஏமாற்றிவிடலாம் என்று வந்தவர்களெல்லாம் வந்த வழியே சாக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கராம்பின் மேல் நகத்தை அழுத்தினால் எண்ணெய் கசிகிறதா, சாதிக்காய் ஓட்டுக்குள் சுருங்கிப் போயிருக்கிறதா, எல்லாவற்றுக்கும் அவளுக்கு அந்த வலது பெருவிரல்தான் நீதிபதி. கண்ணால் பார்த்து ஒன்றையும் நம்பமாட்டாள்.

விபத்து வந்ததும் அந்தக் குணத்தால்தான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மிளகு மும்முரமாக வந்துகொண்டிருந்த நாளில், கொத்திலிருந்து மணியை உதிர்க்கிற மெஷின் இறுகி நின்றது. குச்சியால் குத்தி எடுக்க வேண்டும், அதற்கும் முன்னால் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். மற்றவர்களுக்கு ஆயிரம் தடவை சொன்னவள் அவள்தான். காம்பு எந்த இடத்தில் சிக்கியிருக்கிறது என்று தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டுக் கையை விட்டாள். இறுகியிருந்த மெஷின் அந்த நேரம் பார்த்துச் சுற்றியது. வெளியே வந்த கையில் பெருவிரலின் நகம் இருந்தது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருக்க வேண்டிய சதை இல்லை.

கண்டிப் பெரியாஸ்பத்திரி வார்டில் அவளைப் பார்க்க வந்த சத்திரசிகிச்சை டாக்டரின் பெயர் மதனி. யாழ்ப்பாணத்துப் பெண், வயது முப்பத்தைந்துக்கு மேல் இராது. காயத்தைக் கழுவிக் கட்டிவிட்டுக் கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்தார்.

"இஞ்ச பாருங்கோ அம்மா. பெருவிரலின்ர உள்பக்கச் சதை முழுக்கப் போட்டுது. எலும்பு தெரியுது. வெறும் தோலை ஒட்டினால் எலும்புக்கு மேல பிடிக்காது. ரத்த ஓட்டத்தோட உள்ள தோலை வேற இடத்திலயிருந்து கொண்டுவரவேணும். அதைத்தான் ஃபிளாப் எண்டு சொல்லுறது."

"எங்கேருந்துங்க கொண்டுவருவீங்க?"

"அதுதான் கதையே" என்று சிரித்த மதனி, பேனாவை எடுத்துத் தன் இடது கையிலேயே வரைய ஆரம்பித்தார். பெருவிரலின் அடிப்பாகத் தோலையே நுனிக்கு இழுத்துத் தைக்கிற முறை ஒன்று உண்டு. சொந்தத் தோல், சொந்த நரம்பு, உணர்வுக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் அது சின்னக் காயத்துக்குத்தான் எட்டும். இராஜேஸ்வரியின் காயம் அதைத் தாண்டிவிட்டது. அடிவயிற்றுப் பக்கத்துத் தோலோடு கையைத் தைத்துவைத்துப் பிறகு பிரிப்பது இன்னொன்று. அதைக் கேட்டதும் பக்கத்தில் நின்ற ஸ்ரீதரன் தன் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அந்த அளவுக்குத் தேவையில்லை, அது பெரிய காயங்களுக்கு, அப்படி வருகிற சதை தடித்துப்போயும் மரத்துப்போயும் இருக்கும் என்று டாக்டர் அவரை ஆறுதல்படுத்தினார்.

மிஞ்சியவை இரண்டு. இரண்டுக்கும் தோல் வருவது சுட்டுவிரலின் முதுகுப் பக்கத்திலிருந்துதான். முதலாவதில், அந்தத் தோலை ஒரு ஓரத்தில் ஒட்டியிருக்க விட்டுக் கதவு மாதிரித் திறந்து பெருவிரலில் தைப்பார்கள். இரண்டு விரலும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒட்டியபடி இருக்கும். பிடித்துவிட்டது என்று தெரிந்ததும் வெட்டிப் பிரிப்பார்கள். நம்பகமான வழி, ஆனால் உணர்வு மந்தமாகத்தான் வரும். மற்றதில், தோலைத் தீவு மாதிரி வெட்டியெடுத்து, அதற்குரிய ரத்தக்குழாயையும் நரம்பையும் அறுக்காமல், தோலுக்கு அடியால் பெருவிரலுக்குக் கொண்டுபோவார்கள்.

"பட்டத்தோட நூலும் சேர்ந்து வாற மாதிரி. நரம்பும் வாறபடியால் தொட்டால் நல்லாத் தெரியும். ஆனால் அந்த ரத்தக்குழாய் நூலளவுதான். அது அடைபட்டால் கொண்டுபோன தோல் செத்துப்போகும். உங்களுக்குச் சீனி வருத்தமும் இருக்கு. அதால நான் முதல் சொன்ன ஒட்டுற முறையைத்தான் நினைக்கிறன்."

"அதையே செஞ்சிடுங்க டாக்டர்" என்றார் ஸ்ரீதரன், மறு மூச்சு விடாமல். எந்த விஷயத்திலும் சிக்கல் குறைந்த வழி ஒன்று இருந்தால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொள்வார். கந்தோரில் அவருக்கு நல்ல பெயர் இருந்ததற்கும் அதுதான் காரணம்.

இராஜேஸ்வரி கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள்.

"டாக்டர், தப்பா நெனச்சுக்காதீங்க. நான் சரக்கத் தொட்டுப் பாக்காம வாங்கினதே இல்ல. இந்த ரெண்டு மாதிரியும் செஞ்ச கை யாருக்காவது இருந்தா காட்டுங்க. தொட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்."

"ராஜி, இது என்ன மிளகு சாக்கா?" என்று பதறினார் ஸ்ரீதரன்.

மதனிக்குக் கோபம் வரவில்லை. "நாளைக்குக் கை கிளினிக் இருக்கு. ரெண்டு பேரும் வருவினம். அவைக்குச் சம்மதமெண்டால் எனக்கும் சம்மதம்" என்று எழுந்தார். இத்தனை வருஷத்தில் எந்த நோயாளியும் இப்படிக் கேட்டதில்லை என்று அவர் வாசலில் தாதி மிஸ்ஸிடம் சொன்னது இராஜேஸ்வரியின் காதில் விழுந்தது. புகழ்ச்சியாகவே அதை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் கிளினிக் வாங்குப் பலகையில் நடந்ததை அந்தப் பக்கம் போன அற்றெண்டன்மாரெல்லாம் நின்று பார்த்தார்கள். ஸ்ரீதரனை வீட்டுக்கு ஓடவைத்து, ஒரு கடுதாசிச் சுருளில் மிளகும் இன்னொன்றில் காய்ந்த பப்பாசி விதையும் கொண்டுவரச் செய்திருந்தாள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். மிளகு சரியான உருண்டை, கெட்டி. பப்பாசி விதை கொஞ்சம் நீளவாட்டு, பொருபொருவென்று இருக்கும். விரலுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

பாயிஸ் கம்பளையில் லொறி ஓட்டுகிறவர். அவருக்குச் செய்தது விரலோடு விரல் ஒட்டுகிற முறை. கண்ணை மூடச் சொல்லி ஒரு மணியை அவருடைய பெருவிரலில் வைத்தாள். உருட்டினார், அழுத்தினார், மறுபடி உருட்டினார்.

"என்னமோ ஒண்டு ஈக்குது அக்கா. என்னண்டு கேட்டா எனக்கு வெளங்குதில்ல."

"கஷ்டமா இல்லையா தம்பி?"

"எனக்கென்ன கஷ்டம்? ஸ்டீரிங்க புடிக்கேலும், கியர் போடேலும். குளிருக்குக் கொஞ்சம் வெறைக்கும். அல்ஹம்துலில்லாஹ், நல்ல கை." பாயிஸ் தன் பெருவிரலை எல்லோருக்கும் உயர்த்திக் காட்டினார். அது அழகாகவும் இருந்தது, உறுதியாகவும் இருந்தது. லொறிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும் என்று இராஜேஸ்வரியும் மனதாரச் சொன்னாள்.

அடுத்தவள் ஹிதாயா, கடுகண்ணாவையில் துணி தைக்கிறவள். அவளுக்குச் செய்தது பட்டம் மாதிரிக் கொண்டுவருகிற முறை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு மணியாக வாங்கினாள். "இது உருண்ட. இது நீட்டு. இதுவும் நீட்டு. இது உருண்ட." ஒன்றுகூடத் தப்பவில்லை. ஸ்ரீதரன்கூட வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா ஒரு விஷயம் சொல்லணும் அக்கா" என்றாள் ஹிதாயா கண்ணைத் திறந்து. "உருண்டயோ நீட்டோ, அது எனக்குப் பெருவிரல்ல தெரியுறல்ல. சுட்டுவிரலுட முதுகுல யாரோ வெச்ச மாதிரித்தான் தெரியுது. பெருவிரல யாரு தொட்டாலும் அப்படித்தான்."

இராஜேஸ்வரி டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். மதனி மறைக்கவில்லை. தோல் இடம் மாறினாலும் நரம்பு பழைய விலாசத்துக்குத்தான் செய்தி அனுப்பும், மூளை அதைப் புதிதாகப் படிக்க வேண்டும், சிலருக்கு ஒரு வருஷத்தில் திருந்தும், சிலருக்கு ஆயுளுக்கும் திருந்தாது என்றார். டாக்டர் கண்ணில் எது நல்லது என்று அவள் கேட்டபோது, "கையை வச்சு என்ன செய்யிறனீங்கள் எண்டதைப் பொறுத்தது. அதை நீங்கள்தான் சொல்லவேணும்" என்றார்.

சரியான இடத்தில் மந்தமான உணர்வு ஒரு பக்கம். பிழையான இடத்தில் கூர்மையான உணர்வு மறுபக்கம், அதோடு தோல் செத்துப்போகிற பயமும். அன்று மாலை முழுக்க ஸ்ரீதரன் கட்டிலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு கெஞ்சினார். கடை போனால் போகட்டும், கை இருந்தால் போதும், ஈரம் பார்க்க மெஷின் விற்கிறது, வாங்கித் தருகிறேன் என்றார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அவளுக்கும் பயம்தான். ஆனால் நாளைக்குச் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடியை எடுத்து, "என்னமோ ஒண்ணு இருக்கு" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தபோது அந்தப் பயம் சின்னதாகிவிட்டது.

"எடம் மாறி வந்தா வரட்டுங்க டாக்டர்" என்றாள் விடிந்ததும். "வராமலே போறதுதான் எனக்கு ஆகாது."

கையை மட்டும் மரக்கவைத்துச் செய்தார்கள். விழித்திருந்தாள். துணித் திரைக்கு அந்தப் பக்கம் மதனி தன் உதவியாளரிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே வேலை செய்தது கேட்டது. கையைக் கூப்பிக் கும்பிட முடியாததால் மனதால் மட்டும் கும்பிட்டாள். முடிந்ததும் டாக்டர் முகமூடியை இறக்கி, "நல்ல சிவப்பா இருக்கு அம்மா" என்றார்.

இரண்டாம் நாள் அந்தச் சிவப்பு நீலமாயிற்று. மிஸ் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார். அந்த ஓட்டம்தான் இராஜேஸ்வரியைக் கலக்கியது. மதனி வேகமாக வந்து, ரத்தம் உள்ளே போகிறது, திரும்பி வரத்தான் இடமில்லை, தையல் இறுக்கம் என்று சொல்லிக்கொண்டே இரண்டு தையலை வெட்டிவிட்டார். கையை உயர்த்தித் தலையணையில் வைத்தார். பிறகு போகாமல் அங்கேயே நின்றார். வேறு வேலை இருந்திருக்கும், ஆனாலும் நின்றார். ஸ்ரீதரன் கட்டுக்கலைப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டது எத்தனை என்று அவருக்கே தெரியாது. பின்னேரம் ஆகும்போது நீலம் வெளுத்து, ஓரத்திலிருந்து மெல்ல ரோஸ் நிறம் ஏறியது. டாக்டரின் முகத்திலும் அதே நேரத்தில்தான் நிறம் வந்தது.

அவள் வீட்டில் இருந்த காலத்தில் ஸ்ரீதரன் லீவு போட்டுக் கடையில் உட்கார்ந்தார். ஈரம் பார்க்கிற மெஷினையும் வாங்கினார். மெஷின் ஈரத்தைச் சரியாகத்தான் சொல்லியது. பப்பாசி விதை நன்றாகக் காய்ந்திருக்கிறது என்பதையும் சரியாகத்தான் சொல்லியது. அவர் அனுப்பிய சரக்கைக் கொழும்பு வியாபாரி அப்படியே திருப்பி அனுப்பினான். தோட்டக்காரர்கள் அவரை மிகவும் நல்ல மனுஷன் என்று சொல்லத் தொடங்கியபோதே கடையின் நிலைமை அவளுக்கு விளங்கிவிட்டது.

கட்டுப் பிரித்த கையோடு முதல் முதலாகப் பிளேன்டீ கிளாஸைப் பிடித்த நாள் ஒரு கூத்து. சுருக்கென்று சுட்டது. சுட்டுவிரலை வெடுக்கென்று தூக்கி ஊதினாள். சூடு விடவில்லை. இன்னும் பலமாக ஊதினாள். பெருவிரல் கிளாஸிலேயே ஒட்டிக்கொண்டு வெந்துகொண்டிருந்ததை ஸ்ரீதரன்தான் பார்த்துக் கிளாஸைப் பிடுங்கினார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் அவள் அழுதாள். தன் கையே தனக்குப் பொய் சொல்கிறது என்றாள்.

கிளினிக்கில் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். பஞ்சு, துணி, உப்புக்கடுதாசி எல்லாவற்றையும் முதலில் பார்த்துக்கொண்டே தடவ வேண்டும், பிறகு கண்ணை மூடித் தடவ வேண்டும். அவள் வீட்டில் பஞ்சுக்குப் பதில் தன் சரக்கையே வைத்துக்கொண்டாள். கராம்பு, ஏலக்காய், சாதிக்காய், மிளகு. காலையில் சாமி கும்பிட்டு முடித்ததும் உட்கார்ந்துவிடுவாள். பெருவிரலையே முறைத்துப் பார்த்து, "இது நீதான். சுட்டுவிரல் இல்ல. நீ" என்று சத்தமாகச் சொல்லுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவள் ஸ்ரீதரனைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அவரும் அதைத் திருத்தப் போகவில்லை.

கடைக்குத் திரும்பிய அன்று சாக்கோடு ஒன்பது பத்துப் பேர் காத்திருந்தார்கள். பாதிப்பேர் விற்க வந்தவர்கள், மீதி வேடிக்கை பார்க்க வந்தவர்கள். கையை விட்டாள், பிடியை எடுத்தாள், உருட்டினாள். சுட்டுவிரலின் முதுகில், யாரும் தொடாத இடத்தில், மிளகு மணிகள் உருண்டன. விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு மணியும் தெளிவாகத் தெரிந்தது. நடுவில் ஒன்று நீளவாட்டாக வந்தபோது, கொண்டுவந்தவரிடம் அவருடைய மாமியாரின் சுகத்தைக் கேட்டுக்கொண்டே அதை மட்டும் எடுத்து மேசையில் வைத்தாள். அந்த ஆள் தலையைச் சொறிந்தான். மற்றவர்கள் கைதட்டாத குறைதான். ஒருவர் தன் சாக்கை அவிழ்க்காமலே தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். அன்று அவள் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்த ஸ்ரீதரன், மறுநாளே கந்தோருக்குத் திரும்பினார். தன் மனைவியின் கையைப் பற்றி மாநகர சபையில் கேட்காத ஆள் இல்லை என்று ஆக்கிவிட்டார்.

வியாபாரம் பழையபடி நடந்தது. ஆனாலும் அவளுக்கு ஒரு குறை இருந்தது, வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. பெருவிரல் வேலை செய்தது, பெயர் சுட்டுவிரலுக்குப் போயிற்று. ஒரு வருஷம் கழிந்தது. சிலருக்குத் திருந்தாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். எனக்கும் அவ்வளவுதான் போலிருக்கிறது, இது போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, கண்ணை மூடிப் பழகுவதை மட்டும் விடாமல் செய்தாள்.

இந்தத் தை மாதத்தில் ஒரு காலை. கராம்பு கொண்டுவந்த ஒருவரோடு பேசிக்கொண்டே சாக்குக்குள் கையை விட்டவள், "ஆ!" என்று கத்திக்கொண்டு கையை இழுத்தாள். உடைந்த காம்பு ஒன்று சிராய் மாதிரிக் குத்தியிருந்தது. பெருவிரலை வாயில் வைத்துக்கொண்டு, அந்த ஆளை ஏசுவதற்கு வாயெடுத்தாள். பெருவிரல் வாயில் இருந்ததால் ஏச்சு வெளியே வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாயில் இருந்தது பெருவிரல். தேடிப் பார்க்காமல், யோசிக்காமல், எடுத்து வைத்திருந்தாள். சுட்டுவிரல் சும்மா இருந்தது. அதை அழுத்திப் பார்த்தாள், அங்கே ஒன்றும் இல்லை. சிராயை மறுபடி லேசாக அமுக்கினாள். உயிர் போனது. உயிர் போன இடம் பெருவிரல்.

கராம்புக்காரர் பயந்துபோய்க் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். அவள் அவரைக் கவனிக்கவேயில்லை. இடது கையால் ஃபோனை எடுத்தாள். எண்களைச் சரியாக அழுத்த முடியாமல் கண்ணீர் மறைத்தது.

"டாக்டர், நான் கலகெதர இராஜேஸ்வரி பேசுறேன். வலிக்குது டாக்டர்."

"என்னம்மா நடந்தது? வீங்கியிருக்கோ? ஏன் அழுறீங்கள்?" மதனியின் குரல் பதறியது. "ஆறுதலாச் சொல்லுங்கோ. எங்க வலிக்குது?"

இராஜேஸ்வரி எழுந்து நின்றாள். கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கட்டும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பெருவிரல்ல டாக்டர்" என்றாள். "என் பெருவிரல்லயே வலிக்குதுங்க."